முழங்காலும் வீட்டுப் போனும்

ரொறன்ரோவில் எங்கள் ஆட்களிடம் முழங்கால் நோகிறது என்று வாய் தவறிச் சொல்லிவிடக் கூடாது. ஆளுக்கொரு எண்ணெய் சொல்வார்கள். எனக்கு ஐந்து எண்ணெய் வந்து சேர்ந்தது. ஐந்தையும் பூசினேன். உள்ளே ஒன்று எலும்பைத் தின்றுகொண்டிருந்தது, அந்த ஆழத்துக்கு எந்த எண்ணெயும் போகவில்லை. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நோகிறது, அதுவும் ஆறுதலாகப் படுத்திருக்கும்போதும் நோகிறது என்றால், தயவுசெய்து ஒரு எக்ஸ்றே எடுத்துப் பாருங்கள். இதைச் சொல்லத்தான் எழுதத் தொடங்கினேன். எழுத உட்கார்ந்த பிறகு வேறு கதையும் சேர்ந்து வருகிறது, நான் என்ன செய்ய.

நான் வலைப்பந்து விளையாடிச் சம்பளம் வாங்கியவள். இங்கே அதைச் சொன்னால் பகிடி விடுகிறேன் என்று நினைக்கிறார்கள். கிளிநொச்சியில் பள்ளிக்கூட ரீமில் தொடங்கி மாகாணப் போட்டிவரை போனபோது, கொழும்பில் இருந்த ஒரு வங்கி என்னைக் கூப்பிட்டது. பெயருக்குக் காசாளர் வேலை. காலையில் கவுண்டர், இரண்டு மணிக்குப் பிறகு கோர்ட். வங்கிகளுக்கிடையே நடக்கும் போட்டிகளில் எங்கள் ரீம் தோற்றால் மனேஜர் இரண்டு நாள் முகம் பார்க்கமாட்டார். வருடத்துக்கு ஒரு முறை வங்கியின் டொக்டர் என் முழங்காலைத் தட்டி, மடக்கிப் பார்த்துக் கையெழுத்து வைத்தால்தான் அடுத்த வருடத்துக்கு வேலை. பதினொரு வருடம் கையெழுத்து வைத்தார். என் இடம் கோல் டிஃபென்ஸ், அதாவது எதிரணிக்காரி கோல் போடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. அவளிலிருந்து மூன்று அடி தள்ளி நின்று கையை உயர்த்தி மறிக்கலாம், ஆனால் தொடக் கூடாது. தேசிய அணியிலும் ஒரு முறை எடுத்தார்கள், சிங்கப்பூருக்குப் போனேன். ஐந்து மட்சிலும் வெளியே, மாற்று ஆட்களின் வாங்கில் இருந்தேன். சிங்கப்பூரில் நான் பார்த்தது தண்ணீர்ப் போத்தல்களைத்தான்.

முப்பது வயதில் குகனைக் கட்டி ரொறன்ரோவுக்கு வந்தேன். அவருக்கு மிசிசாகாவில், விமான நிலையத்துச் சரக்குப் பகுதியில் வேலை. வந்த புதிதில் வேலை தேடிப் போன இடத்தில் என்ன வேலை தெரியும் என்று கேட்டார்கள். வலைப்பந்து என்றேன். அந்தப் பெண் அதைக் கூடைப்பந்து என்று எழுதினாள். பிறகு கடவுள் கண் திறந்ததுபோல ஜமேக்காப் பெண்கள் நடத்தும் ஒரு கிளப் கிடைத்தது. அவர்களுக்கு இந்த விளையாட்டு எங்களுக்குக் கிரிக்கெட் மாதிரி. விளையாடவும், சின்னப் பிள்ளைகளைப் பழக்கவும் எனக்குக் காசு தந்தார்கள். கிளப்பின் கோல் கீப்பர் மார்ஷா. ஆறடி உயரம், பஸ் ஓட்டுகிறவள், கோர்ட்டில் என்னைச் சாந்தினி என்று பெயர் சொல்லி ஏசுகிற ஒரே ஆள். எனக்கு இந்த நாட்டில் கிடைத்த முதல் சிநேகிதியும் அவள்தான்.

அம்மாவும் என் தங்கை தயாவும் கிளிநொச்சியில் இருந்தார்கள். தயா எனக்கு ஏழு வயது இளையவள். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ரீச்சர், பிள்ளைகளுக்கு வலைப்பந்து பழக்கியவள். சண்டை கிளிநொச்சியைத் தாண்டியபோது சனத்தோடு சனமாக இருவரும் கடற்கரைப் பக்கம் தள்ளப்பட்டார்கள். அதற்குப் பிறகு எங்களுக்கு எல்லாம் வீட்டுப் போன்தான். யாரிடமோ ஒரு சற்றலைற் போன் இருக்கும், சனம் வரிசையில் நிற்கும், ஒருவருக்கு ஒரு நிமிடம் கிடைக்கும். தயாவுக்கு மனப்பாடமாக இருந்தது எங்கள் வீட்டு நம்பர் ஒன்று மட்டும். அந்த வருடம் ஸ்காபரோவில் எத்தனையோ தமிழ் வீடுகளில் இப்படித்தான், கைபேசி இரண்டு மூன்று இருந்தாலும் வீட்டுப் போனை வெட்டமாட்டார்கள். நாங்களும் வெட்டவில்லை. குளிக்கப் போனால்கூட அதைத் தூக்கிக்கொண்டுதான் போவேன்.

ஏப்ரல் தொடக்கத்தில், மோர்னிங்சைட் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஜிம்மில் மட்ச். பந்தை மறிக்கத் துள்ளினேன். துள்ளினது ஞாபகம் இருக்கிறது. காலை ஊன்றியபோது தடி முறிகிற சத்தம் கேட்டது. யாரோ வாங்கை உடைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கீழே கிடந்து பார்த்தபோது என் கால் நான் நினைத்த பக்கம் பார்க்கவில்லை. மார்ஷா தன் ஜக்கெற்றை என் தலைக்குக் கீழே வைத்துவிட்டு, என் முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டாள், காலைப் பார்க்க விடவில்லை.

அவசரப் பிரிவில் எக்ஸ்றே எடுத்த இளம் டொக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, பேசாமல் போய் இன்னொருவரைக் கூட்டிவந்தார். அவரும் பேசாமல் பார்த்தார். இரண்டு டொக்டர் ஒரே படத்தைப் பேசாமல் பார்த்தால் என்ன அர்த்தம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். முப்பத்து நான்கு வயதுக்காரியின் எலும்பு ஒரு துள்ளலுக்கு முறியாது என்று பிறகு சொன்னார்கள். முழங்காலுக்குச் சற்று மேலே, தொடை எலும்பின் நுனி, முட்டைக்கோது மாதிரி மெல்லியதாக இருந்ததாம். அன்று மாலையே நகர மையத்தில் இருந்த பெரிய மருத்துவமனைக்கு ஏற்றினார்கள். தொடையிலிருந்து கணுக்கால்வரை அசையாமல் பட்டி கட்டி, கட்டிலில் போட்டார்கள். எட்டு வாரம் அந்தக் கட்டிலில் கிடந்தேன்.

முதலில் எம்ஆர்ஐ. குழாய்க்குள் அனுப்பி முக்கால் மணித்தியாலம் தகரத்தில் அடிக்கிற மாதிரிச் சத்தம் போடுவார்கள், அசையக் கூடாது. பிறகு நெஞ்சுக்கு சீ.ரி. ஸ்கான். கால் முறிந்ததற்கு நெஞ்சை ஏன் படம் பிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். எலும்பில் வருவது சில வேளை நுரையீரலுக்கும் போகும் என்று மெல்லச் சொன்னார்கள். பிறகு பயொப்சி. தடித்த ஊசியால் எலும்புக்குள்ளிருந்து ஒரு துண்டு எடுத்து, உருப்பெருக்கியில் பார்ப்பது. முடிவு வர இரண்டு வாரம் என்றார்கள். அந்த இரண்டு வாரமும் புற்றுநோயா இல்லையா என்ற ஒரு கேள்வியைத் தவிர என் மண்டைக்குள் ஒன்றும் இல்லை. பொய் சொல்லக் கூடாது, இன்னொன்றும் இருந்தது. தயா போன் எடுத்தாளா?

வீட்டுப் போனுக்கு வருகிற அழைப்பெல்லாம் தன் கைபேசிக்கு வரும்படி குகன் மாற்றி வைத்தார். அது என் யோசனைதான். கட்டிலோடு ஒரு போன் வாடகைக்குத் தருவார்கள், அதையும் எடுக்கச் சொன்னேன். வைத்தியம் அரசாங்கக் கார்ட்டில் போய்விடும். ஆனால் போனுக்கும் கார் நிறுத்துவதற்கும் நாங்கள்தான் கட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்து எங்களைக் கடித்தது. ஆனாலும் தயா எடுத்தால் இந்த நம்பரைக் கொடுங்கள், நான் ஒரு நிமிடம் அவளோடும் அம்மாவோடும் கதைத்தால் காணும் என்று குகனிடம் கையைப் பிடித்துச் சொன்னேன். ஓம் என்று தலையாட்டினார்.

பயொப்சி முடிவு வந்தது. ராட்சதக் கலக் கட்டி என்று தமிழில் சொல்லலாம். உருப்பெருக்கியில் பார்த்தால் உயிர்க்கலங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பூதம் மாதிரித் தெரியுமாம், அதனால் அந்தப் பெயர். புற்றுநோய் இல்லை. ஆனால் மூட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு எலும்பைத் தின்னும், எடுத்தாலும் திரும்ப வரக்கூடும். நெஞ்சில் ஒன்றும் இல்லை என்றார்கள். சத்திரசிகிச்சையில் கட்டியைச் சுரண்டி எடுத்து, பல் டொக்டர் சூத்தையை அடைப்பதுபோல எலும்புச் சீமெந்தால் அடைத்து, இரும்புத் தகடு போடுவார்கள். மூட்டுக்குள் பரவியிருந்தால் மூட்டையே எடுக்க வேண்டும். இரத்தம் கட்டுக்கடங்காவிட்டால் காலும் போகலாம். அதற்கும் சேர்த்துச் சம்மதக் கையெழுத்து வாங்கினார்கள். இனித் துள்ளலாமா என்று கேட்டேன். சத்திரசிகிச்சை டொக்டர் நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. நடக்கலாம், துள்ள முடியாது என்றார். இருபது வருடம் விளையாடிய விளையாட்டு ஒரு நிமிடத்தில் முடிந்தது. குகன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன், அதில் என்ன வெட்கம்.

சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அன்று காலை பவானி அன்ரி வந்தார். எங்கள் கட்டடத்தில் நாலாம் மாடியில் இருப்பவர், மனம் தங்கம், வாய்க்குத்தான் பூட்டு இல்லை. வந்து நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, அங்கே ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் பீரங்கிச் செல் விழுந்ததாம், எத்தனையோ பேராம் என்று ரேடியோவில் கேட்டதை அப்படியே கொட்டினார். அரை மணித்தியாலத்தில் மயக்க மருந்து டொக்டர் வந்து என் பிரஷரை அளந்தார். இரண்டாம் தரமும் அளந்தார். நூற்றுத் தொண்ணூற்றைந்து. இந்தக் கட்டியில் இரத்தம் கூடப் போகும், இந்தப் பிரஷரோடு வெட்ட முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிந்தப் பிந்தக் கட்டி மூட்டுப் பக்கம் போகும் என்பதும் அவர்கள் சொன்னதுதான். குகன் அன்றைக்குத்தான் அன்ரியிடம் வாழ்க்கையில் முதல் முறை குரலை உயர்த்தினார். அதற்குப் பிறகு அறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கதவடியில் அவரிடம் பாடம் கேட்டுவிட்டு வந்த மாதிரி, காலநிலை மட்டும் கதைத்தார்கள். ரீவியையும் வெட்டிவிட்டார்.

நான் ஒவ்வொரு நாளும் ஒரே கேள்விதான் கேட்பேன்.

"போன் வந்ததோ?"

"இல்லை. அங்கை லைன் ஒண்டும் வேலை செய்யேல்லையாம். நீர் யோசியாதையும்."

அந்த நாட்களில் அவர் என்னைப் பார்த்துக்கொண்ட விதத்தை எழுதாவிட்டால் எனக்கு நரகம்தான் கிடைக்கும். மிசிசாகாவில் வேலை முடிந்து நேரே வருவார். படுத்துப் படுத்து என் தலைமயிர் சிக்கெடுக்க முடியாமல் சடை பிடித்துவிட்டது. மார்ஷா ஒரு நாள் வந்து, தன் மகளுக்குச் செய்வதுபோல எண்ணெய் வைத்துப் பிரித்து, குகனை நிற்பாட்டி வைத்துப் பின்னலும் பழக்கினாள். சரக்குப் பெட்டி கட்டுகிற கை, இறுக்கிப் பின்னும். கண் இரண்டும் மேலே இழுத்துக்கொண்டு நிற்கும். நான் ஏசுவேன், அவர் திரும்ப அவிழ்த்துப் பின்னுவார். மருத்துவமனைச் சாப்பாடு எனக்கு இறங்காது என்று அஜின்கோர்ட் கடையில் மீன் குழம்பு, இறால் பொரியல் என்று கட்டிக்கொண்டு வருவார். ஒரு நாள் விளைமீன் வாங்கி, போனில் யாரிடமோ கேட்டுக் கேட்டுத் தானே மிளகு சீரகம் அரைத்துச் சரக்குக் கறி வைத்துக்கொண்டு வந்தார். உப்பு இல்லை. சட்டியை வழித்துச் சாப்பிட்டேன்.

பிறகு அது திடீரென்று நின்றது. பருப்பு, பூசணிக்காய், கீரை, திரும்பவும் பருப்பு. ஏன் மீன் இல்லை என்று கேட்டால், மீன் புண்ணுக்குக் கூடாது என்று டொக்டர் சொன்னாராம். இன்னும் வெட்டவே இல்லை, எங்கே புண் என்று கேட்டேன். வெட்டப் போகிறார்கள்தானே என்றார். எங்கள் ஊரில் வெட்டின உடம்புக்கு மீன் பத்தியம்தான் கொடுப்பது, வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியும் என்று நான் அரை மணித்தியாலம் விரிவுரை நடத்தினேன். அவர் பூசணிக்காயைப் பிசைந்து தந்தார். பவானி அன்ரியும் வந்தார், என் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். என்னுடைய காலுக்கு நீங்கள் ஏன் அன்ரி இப்படி அழுகிறீர்கள் என்று நான்தான் அவரைத் தேற்றினேன்.

இரண்டாம் முறை குறித்த நாளில் பிரஷர் அடங்கியிருந்தது. ஆறு மணித்தியாலம் வெட்டினார்கள். கண் விழித்தபோது முதலில் கையை நீட்டிப் போர்வைக்கு மேலாகக் காலைத் தேடினேன். கால் இருந்தது. பக்கத்தில் குகன் நின்றார், கண் சிவந்திருந்தது. மூட்டைக் காப்பாற்றிவிட்டார்கள் என்றார். வலிக்கு ஒரு பொத்தான் தந்திருந்தார்கள், அமத்தினால் மருந்து தானாக நரம்புக்குள் இறங்கும். இரத்தம் கட்டிபடாமல் இருக்க வயிற்றில் ஒவ்வொரு நாளும் ஊசி. நாலாம் நாள் இரண்டு பேர் பிடிக்க எழுந்து நின்றேன். ஒரு அடி வைக்க எனக்கு வியர்த்து ஊற்றியது, தலை சுற்றியது. மூன்று அடி வைத்தேன்.

அந்த வாரம் மார்ஷா வந்தாள். குகன் போட்ட சட்டம் அவளுக்குத் தெரியாது, அவளுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. உங்கள் நாட்டில் சண்டை முடிந்துவிட்டதாமே, ரீவியில் காட்டினார்கள், உன் அம்மாவும் தங்கையும் சுகமா என்று கேட்டாள். சண்டையை நிறுத்தச் சொல்லி எங்கள் சனம் ஒரு நாள் நெடுஞ்சாலையில் இறங்கிக் குந்தியிருந்ததால் தன் பஸ் இரண்டு மணித்தியாலம் நின்றதையும் சொன்னாள், அதில் கோபம் இல்லை. சண்டை முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. உலகத்தில் எல்லாத் தமிழருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது.

குகன் வந்ததும் கேட்டேன். ஓம் என்றார். சனம் எல்லாம் முகாம்களுக்கு வந்துவிட்டது, பேர்ப் பட்டியல் வரும், பார்ப்போம் என்றார். நான் நம்பினேன். முகாம் என்றால் உயிரோடு இருக்கிறார்கள் என்று அர்த்தம்தானே. அன்று இரவு நல்லாக நித்திரை கொண்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அடுத்த நாள் காலை சாப்பாட்டு ஆலோசகர் என்று ஒரு சின்னப் பெண் வந்தாள். புரதம் காணாது, புண் ஆற வேண்டும், மீன், கோழி, முட்டை நன்றாகச் சாப்பிட வேண்டும் என்றாள். டொக்டர் அதெல்லாம் கூடாது என்று சொன்னாரே என்றேன். அவள் கோப்பைப் புரட்டிப் பார்த்தாள். அப்படி ஒன்றும் எழுதவில்லை, யாரும் சொல்லவும் இல்லை, நீங்கள் எதையும் சாப்பிடலாம் என்றாள். சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அவள் போன பிறகு நான் நாட்களை எண்ணினேன். பவானி அன்ரி அழுதது எந்த நாள், கடைசியாக மீன் வந்தது எந்த நாள். எங்கள் வீடுகளில் செத்த வீட்டுக்காரர்தான் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் சாப்பிடமாட்டார்கள், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை. எனக்குச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஆனால் சாவுத் துடக்கு நாளில் நான் மீன் சாப்பிட்டுவிடக் கூடாது என்று காவல் காத்திருக்கிறார். நான் பூசணிக்காயைத் திட்டிக்கொண்டே யாருக்கோ துக்கம் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். யாருக்கு என்பதுதான் தெரியவில்லை. பின்னேரம்வரை அந்தக் கட்டிலில், அம்மாவா தயாவா என்று இருந்தேன். ஒருவர் உயிரோடு இருக்க வேண்டும் என்று நினைத்தால் மற்றவரைக் கொன்ற மாதிரி இருந்தது. அந்தப் பின்னேரத்தை என் எதிரிக்கும் கொடுக்காதே என்று கும்பிடுகிறேன்.

குகன் வந்து மேசையில் சாப்பாட்டுப் பெட்டியை வைத்தார். திறக்க விடவில்லை.

"ஆர்?" என்று கேட்டேன்.

"மாமி," என்றார்.

முதல் தரம் என்னைச் சத்திரசிகிச்சைத் தியேட்டரிலிருந்து திருப்பி அனுப்பி இரண்டாம் நாள் போன் வந்திருக்கிறது. பதுங்கியிருந்த பங்கருக்கு வெளியே தண்ணீர் எடுக்கப் போன அம்மா திரும்பி வரவில்லை, செல் துண்டு பட்டது, அங்கேயே குழி வெட்டித் தாட்டுவிட்டோம் என்று தயா சொல்லியிருக்கிறாள். அக்காவிடம் போனைக் கொடுங்கோ என்று கேட்டிருக்கிறாள். கொடுத்தால் எனக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் பிரஷர் ஏறும், ஏறினால் கால் போகும், காலோடு உயிரும் போனாலும் போகும். அதோடு, அங்கே நிற்கிறவளிடம் அக்கா ஆஸ்பத்திரியில் என்று எப்படிச் சொல்வது? ஆகவே அவர் சொன்னது, அக்கா நெற்போல் விளையாடப் போய்விட்டா என்று. பிறகும் எடுத்திருக்கிறாள். அப்போதும் அதே பதில். ஒவ்வொரு நாளும் நான் கேட்டபோது போன் வரவில்லை என்று சொன்ன வாயால்தான் அவர் இதையெல்லாம் சொன்னார்.

நான் அவரைக் கேட்காத கேள்வி இல்லை. அம்மா செத்த அன்றைக்கு, பங்கருக்குள் இருந்து எடுத்தவளுக்கு, அக்கா பந்து விளையாடுகிறா என்றா சொன்னீர்கள்? அவள் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பாள்? சாப்பாட்டுப் பெட்டியைத் தள்ளிவிட்டேன், பருப்பெல்லாம் நிலத்தில். அவர் குனிந்து துடைத்தார். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டுத்தான் நான் அம்மாவுக்கு அழுதேன். தாதி வந்து பிரஷர் பார்த்தாள். நூற்று இருபது. இப்போது மட்டும் அடங்கி இருந்து என்ன செய்ய.

ஜூன் தொடக்கத்தில் ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தேன். முப்பத்தோராம் நாளுக்கு ஊன்றுகோலோடுதான் கோயிலுக்குப் போனேன். பிறகு வேலை ஒன்றுதான், பட்டியல் பார்ப்பது. முகாம்களிலிருந்து பேர்கள் வந்தன. எங்கள் அயலவர்களின் பேர் வந்தது, தயாவின் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பேரும் வந்தது. அவள் பேர் வரவில்லை. கடைசி வாரம் கண்டேன் என்று ஒருத்தி சொன்னாள், அது வேறு ஆள் என்று இன்னொருத்தி சொன்னாள். கிளப்பில் என் இடத்துக்கு ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளை வந்தாள், நல்லாகத் துள்ளுவாளாம். மார்ஷா சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினாள்.

குகனோடு கதைப்பேன், சமைப்பேன், கோபம் போகவில்லை. ஒரு நாளைக்கு ஒரு தரமாவது கேட்பேன், தயா என்ன சொன்னாள், என்ன சொல்லால் சொன்னாள், ஒரு சொல்லும் விடாமல் சொல்லுங்கள் என்று. முதல் போனை அப்படியே சொல்வார். இரண்டாவதையும் சொல்வார், அக்கா இன்னும் வரேல்லையோ என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாளாம். அதற்கு மேல் வாயை மூடிவிடுவார். இன்னும் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பத்து வருடம் ஒருவரோடு வாழத் தேவையில்லை, நாலு வருடம் காணும்.

செப்ரெம்பர் மாதம், பிசியோதெரபி முடிந்து வெளியே வந்தோம். அன்றைக்குத்தான் முதல் தரம் ஊன்றுகோல் இல்லாமல் நடந்தேன், தாங்கித் தாங்கித்தான், ஆனாலும் என் காலில். காரில் ஏறி பெல்ற் போட்டேன். அவர் எஞ்சினுக்குத் திறப்பைப் போட்டவர் திருப்பவில்லை.

"மூண்டாம் தரமும் எடுத்தவள்," என்றார்.

"எப்ப?"

"உம்மை வெட்டின அண்டைக்கு. நான் வெளியிலை இருக்கிற அறையிலை. டொக்டர் வந்து கால் தப்பீட்டுது எண்டு சொல்லிப் பத்து நிமிசம்கூட இல்லை. போன் அடிச்சுது, அவள்."

நான் பேசினால் நிறுத்திவிடுவார் என்று பயமாக இருந்தது.

"அக்காவைத் தாங்கோ எண்டு அண்டைக்குக் கேக்கேல்லை. அக்கான்ரை மட்ச் என்னாச்சு அத்தான், வெண்டவையோ எண்டு கேட்டவள். நான் ஓம் எண்டனான். எத்தினைக்கு எண்டு கேட்டவள். ஒரு ஸ்கோரைச் சொன்னனான். அவள் அங்கை லைனிலை நிண்ட ஆருக்கோ திரும்பிச் சொன்னது கேட்டது. என்ரை அக்கா கனடாவிலை வெண்டிட்டா எண்டு. சிரிச்சவள், சாந்தினி. சிரிச்ச சத்தம் கேட்டது. அதோடை கட்டாகீட்டுது."

அவளுக்குக் கிடைத்த ஒரு நிமிடம். அதற்கு அவள் வரிசையில் எத்தனை மணித்தியாலம் நின்றாளோ.

அம்மாவுக்கு நான் அழுதிருந்தேன். தயாவுக்கு அழவில்லை. அழுதால் அவள் இல்லை என்று நானே தீர்ப்புச் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று, பட்டியலைப் பார்த்துப் பார்த்து அவளை வைத்திருந்தேன்.

"என்ன ஸ்கோர் சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"நாப்பத்திரண்டு, முப்பத்தொன்பது."

நல்ல மட்ச். கடைசிவரை இழுபட்டு, மூன்று கோலால் வென்றிருக்கிறோம். நான் அந்தக் காரில் இருந்து என் தங்கைக்காக முதல் தரம் அழுதேன். அவர் திறப்பில் வைத்த கையை எடுக்காமல், திருப்பாமல், நான் முடிக்கும்வரை இருந்தார்.